நாம் இறைத்த கிணறு

நானா,

இன்று காலை கீழ்த்தளத்துப் பர்மியர் கோ ஜோ தன் டீசல் பம்பை ஓட்டினார். மூன்று நாளாக மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆறாவது மாடிவரை தண்ணீர் ஏற அந்தப் பம்பு ஒன்றுதான் வழி. படிக்கட்டு வழியே டீசல் வாடை ஏறிவந்து சமையலறையில் நின்றுவிட்டது. மகள் சல்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறந்தாள். எனக்கு அது நீங்கள் கப்பலிலிருந்து வந்து இறங்கும் நாளின் வாடை. உங்கள் பெட்டியைத் திறந்தால் சட்டையில், தொழுகை விரிப்பில், தங்கச்சிக்கென்று வாங்கிவந்த சோப்புக்கட்டியில்கூட அதுதான் இருக்கும்.

வாளிகளை வரிசையாக வைத்து நிரப்பினேன். மின்சாரம் வந்த நேரம், தண்ணீர் ஏறிய நேரம் எல்லாவற்றையும் வழக்கம்போல நோட்டில் எழுதினேன். எழுதி முடித்ததும் கை அப்படியே நின்றது. ஒரு மாதமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒன்றை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நானா, அந்தத் தீவுக் கிணற்றில் உங்களுக்கு இருந்த நல்ல பெயரை நான் என் கையாலேயே கெடுத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

நீங்கள் மரம் ஏற்றும் கப்பலில் ஃபிட்டராகப் போன காலம் அது. சாலமன் தீவுகள் என்று பெயர் சொன்னீர்கள். சல்மாவின் பள்ளிக்கூட வரைபடத்தில் ஆஸ்திரேலியாவுக்கு மேலே தேடிக் கண்டுபிடித்தேன். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் முழுத் தேசமும் மறைந்துவிடும். அங்கே பெரிய தீவு ஒன்றில் காட்டை வெட்டுகிறார்கள், முழு மரமாகவே கப்பலில் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறோம் என்றீர்கள். மரம் வந்து சேரும்வரை மூன்று வாரம், நான்கு வாரம் கப்பல் அங்கேயே நங்கூரத்தில் நிற்கும். அந்த நாட்களில்தான் எதிரே இருந்த சின்னத் தீவின் சனங்கள் படகில் மீனும் தேங்காயும் கொண்டுவருவார்கள்.

முதல் நாள் போனில் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம ஊரு ஆளுங்கதான் புள்ள, எல்லார் வாயும் செவப்பு! நான் நம்ம குன்யா வெத்தலையை மடிச்சுக் கொடுத்தேன். அவங்க என்னடான்னா பாக்கைப் பச்சையாக் கடிச்சுட்டு, குச்சியால சுண்ணாம்பைத் தொட்டு நக்குறாங்க. நானும் நக்குனேன். நாக்கு வெந்து போச்சு. அந்த எஸ்தர் அம்மா சிரிச்ச சிரிப்புல படகே கவுந்துருக்கும்."

எஸ்தர் அப்படித்தான் நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்தார். உங்கள் வயதுக்காரர். நம்மைப்போலவே நேரம் தவறாமல் வணங்குகிறவர், ஆனால் தேவாலயத்தில். மகள் ரூத் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவள். நீங்கள் பேசியதை அவளும் அவள் பேசியதை நீங்களும் பாதி கையாலேயே புரிந்துகொண்டீர்கள்.

அங்கே நிலம் பெண்கள் வழியில்தான் வரும் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அப்ப காட்டை வெட்டச் சொன்னது பொம்பளைங்களா?" என்று கேட்டேன். "நிலந்தான் பொம்பளைங்களோடது புள்ள. கையெழுத்துப் போட்டது ஆம்பளைங்க. இவங்களை யாரும் கேக்கவே இல்லையாம்" என்றீர்கள். அது எந்த ஊரிலும் நடக்கிறதுதான்.

காட்டை வெட்டியதும் பெரிய தீவின் ஆறு கலங்கிவிட்டது. சின்னத் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகில் போய் அந்த ஆற்றில்தான் நல்ல தண்ணீர் எடுத்துவந்தார்கள். இப்போது குடத்தில் மொண்டால் பாதி செம்மண். ஊர் நடுவில் எஸ்தரின் தாய்வழிக் கிணறு ஒன்று இருந்தது, மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறு. ஊர் முழுக்க அதை நம்பி இருந்தபோதுதான், புயலும் இல்லை மழையும் இல்லை, ஒரு பௌர்ணமி சமயத்தில் கடல் சும்மா எழுந்து கரையைத் தாண்டி வந்தது. முன்பெல்லாம் இப்படி வராது என்றாராம் எஸ்தர். வீடுகளுக்குள் கணுக்கால் அளவு நின்றுவிட்டு வடிந்து போய்விட்டது. போகும்போது கிணற்றை உப்பாக்கிவிட்டுப் போனது. குழிகளில் நட்டிருந்த கிழங்கும் அழுகியது.

அரசாங்கம் தண்ணீர்த் தொட்டி கொடுத்ததாம். ஆனால் அந்தத் தொகுதி உறுப்பினருக்கு ஓட்டுப் போட்ட ஊர்களுக்கு மட்டும். எஸ்தரின் ஊர் மாற்றிப் போட்டிருந்தது. பெரிய தீவுக்குக் குடிபோங்கள் என்று சிலர் சொன்னார்கள். அங்கே நிலம் வேறு குலத்தாருடையது. விருந்தாளியாகப் போனால் எத்தனை நாள் மரியாதை இருக்கும்? கிணறு இருந்தால் ஊர் இருக்கும், கிணறு போனால் ஊர் போகும். அவ்வளவுதான் அவர்கள் நிலைமை.

அப்போதுதான் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"புள்ள, நர்கிஸ் புயலப்ப கியாக்தான்ல குளத்துல உப்பு ஏறுச்சே, என்னா பண்ணீங்க?"

எனக்கு அது மனப்பாடம். நானும் என் வீட்டுக்காரரும் அந்த ஆற்றோர ஊரில் கடை வைத்திருந்த காலம். ஆற்றோடு கடல் ஏறிவந்து குளத்தில் புகுந்தது. ஊரே சேர்ந்து குளத்தை அடிமண் தெரிய இறைத்தோம். சேற்றை வாரினோம். மழை வந்து நிரப்பியது. இரண்டாவது மழைக்கு அந்தத் தண்ணீரில் சோறு வடித்தேன். பள்ளிக்கூடம் பார்க்காதவள் நான். தமிழும் பர்மியமும் மருந்துச்சீட்டையும் பொட்டலத் தாளையும் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவளிடம் கடல் கடந்து ஓர் அண்ணன் யோசனை கேட்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அடி தெரியுற வரைக்கும் எறச்சுத் தள்ளுங்க நானா. அதுக்கப்புறம் மழை பாத்துக்கும்" என்றேன்.

கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்டிடம் கெஞ்சிக் கூத்தாடி கப்பலின் சின்ன டீசல் பம்பைப் படகில் இறக்கினீர்கள். "நாம ஏத்துற மரத்தாலதான் அவங்க ஆறு கெட்டுச்சு. இந்தக் கிணத்தையாவது சரி பண்ணிட்டுப் போறேன்" என்றீர்கள். இரண்டாம் நாள் மதியம் மறுபடி கூப்பிட்டீர்கள். உங்கள் குரலுக்குப் பின்னால் பம்பு இரைந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு எறச்சும் அடி தெரிய மாட்டேங்குது புள்ள. ஊறிக்கிட்டே இருக்குது."

"விடாதீங்க. நாங்க நாலு நாள் எறச்சோம்."

"வாயில வச்சுப் பாத்தேன். காலையில இருந்ததைவிட உப்பு ஜாஸ்தியாத் தெரியுதே?"

"அடியில தங்குன உப்பு வெளியே வருது நானா. வரட்டும். இன்னும் எறைங்க."

இன்னும் இறைத்தீர்கள். நான் சொன்னேன் என்பதற்காக நான்கு நாள் இறைத்தீர்கள். கப்பல் கிளம்பும் நாளில் ஊர் முழுக்கக் கரையில் நின்று பாடியதாம். எஸ்தர் தான் முடைந்த பாயைக் கொடுத்தாராம். அந்தப் பாய் இப்போதும் உங்கள் அறையில்தான் கிடக்கிறது.

திரும்பிவந்த பிறகு நீங்கள் வேறு எதைப் பற்றிப் பேசினீர்கள்? தெருமுனை டீக்கடையில் ஒரே கதையை எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? "இவரு பசிபிக் கடலையே எறச்சுட்டு வந்துருக்காரு" என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் அடங்கிய குரலில் சொன்னீர்கள்: "மறுமையில என்னா கொண்டு வந்தேன்னு கேட்டா, எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லை புள்ள. அந்தக் கிணத்தைத்தான் காட்டுவேன்."

ஒரு வருடம் ஆகியும் கிணறு இனிக்கவில்லை என்று ரூத் எழுதினாள். நீங்கள் கவலையோடு என் முகத்தைப் பார்த்தீர்கள். மழை போதவில்லையாக இருக்கும் என்றேன். இன்னொரு வருடம் போயிற்று. காத்திருந்து அலுத்துப்போய் நாலு குடும்பம் பெரிய தீவுக்குப் போய்விட்டது என்று எழுதினாள். எஸ்தரின் அக்கா குடும்பமும் அதில் ஒன்று. போன இடத்தில், இது உங்கள் நிலமா என்று கேட்டு அவர்களைக் காட்டோரத்துக்குத் தள்ளினார்கள். வெட்டிவிட்டுப் போன சரிவில் குடிசை. மழைக்கு மண் சரியும். அந்த மழையை நம்பித்தானே நாம் கிணற்றை இறைத்தோம்.

நான் இதுவரை உங்களிடம் சொல்லாதது இதற்கு அடுத்த பகுதிதான்.

நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஒரு பர்மியச் சிறுபுத்தகம் கிடைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீரை எப்படிக் காப்பது என்று ஊர்ச் சனங்களுக்காகப் போட்டது. குளத்தைப் பற்றி நாங்கள் செய்ததெல்லாம் அப்படியே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தைத் திருப்பினேன். கடலோர மணல் கிணறு என்று தனியாக ஒரு படம் போட்டிருந்தது. குளத்துக்குக் களிமண் அடி உண்டு. உப்பு கீழிருந்து வராது. மணலில் அப்படி அடி கிடையாது. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய ஆடைபோல மிதக்கிறது. வேகமாக இறைத்தால் ஆடை கிழிந்து, அடியிலிருக்கும் கடல் மேலே ஏறிவிடும். கொஞ்சமாக அள்ளிவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். பம்பு வைத்து வற்ற இறைக்கவே கூடாது.

நாலு தடவை படித்தேன். உப்பு ஜாஸ்தியாத் தெரியுதே என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. உங்கள் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது நானா. என் வாய்தான் அதை அடக்கிவிட்டது.

அன்று நீங்கள் முன்னறையில் உட்கார்ந்து யாருக்கோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். நோன்பு வந்தது, பெருநாள் போனது. அப்புறம் கொரோனாவில் ஆக்சிஜன் உருளைக்கு ஊரே வரிசை நின்ற அந்த மழைக்காலம் வந்துவிட்டது.

நம் முறை வரவில்லை. மூச்சுக்கு நடுவே நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி பிள்ளைகளைப் பற்றியது இல்லை. "எஸ்தர் வீட்டுத் தண்ணி இனிச்சுச்சா புள்ள?" என்றுதான் கேட்டீர்கள். "இனிச்சுடுச்சு நானா" என்றேன். முகம் தெளிந்தது. அந்த நேரத்தில் நான் சொன்னது பொய். அதற்காக எத்தனை முறை தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் போன மறுவருடம் கிணறு உண்மையிலேயே இனித்தது. மழை மேல் மழை பெய்து, யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டதில், அதுவாகச் சரியாகிவிட்டது. ஆனால் அங்கே யாரும் அப்படி நினைக்கவில்லை. கப்பல்காரர் இறைத்துவிட்டுப் போனதன் பலன் என்றார்கள். கப்பல்காரர் கிணறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தேவாலயத்தில் உங்களுக்காக வேண்டிக்கொண்டதாக ரூத் எழுதினாள். உங்கள் போனை நான் அணைக்காமல் வைத்திருப்பது அவள் செய்திக்காகத்தான். நன்றி என்று மட்டும் பதில் போடுவேன். உண்மையைச் சொல்லி இனி யாருக்கு என்ன பயன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உங்களை அடக்கிய கப்ருக்குப் போகும்போதெல்லாம், தண்ணீர் கொடுத்தவருக்கு அங்கே தாகம் இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். அது தப்பான நினைப்பு என்று தெரிந்தேதான் நினைப்பேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ரூத்திடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. கடல் மறுபடி ஏறிவிட்டது. போன தடவையைவிட அதிகம். கிணறு உப்பாகிவிட்டது. மரக் கம்பெனிக்காரர்கள் இப்போது புது இடத்தில் வெட்டுகிறார்கள், ஊர் ஆண்கள் அவர்களிடம் பெரிய பம்பு ஒன்று இரவல் கேட்டிருக்கிறார்கள், சனிக்கிழமை வருகிறது. உங்கள் அண்ணன் எத்தனை நாள் இறைத்தார், எவ்வளவு ஆழம் குழாயை விட்டார், தெரிந்தால் எழுதுங்கள், அதேபோலச் செய்கிறோம்.

அன்று புதன்கிழமை. மதிய லுஹர் தொழுதுவிட்டு விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். சல்மா வந்து போனை எடுத்துப் படித்தாள்.

"என்னம்மா, நல்ல விஷயந்தானே? மாமா மாதிரியே செய்யப்போறாங்க."

புத்தகத்தை எடுத்துவந்து அவளிடம் காட்டினேன். அவள் பர்மியம் என்னைவிட வேகமாகப் படிப்பாள். படித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எப்பேருந்தும்மா வச்சிருக்கீங்க?"

"மாமா இருந்தப்பவே."

"அப்ப மாமாவுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "மாமா செஞ்சது தப்புன்னு ஏன் சொல்லணும்? இப்ப எறைக்காதீங்கன்னு மட்டும் எழுதுங்களேன். கிணத்துக்கு மாமா பேரையே வச்சிருக்காங்கம்மா. அங்கே மட்டுந்தான் மாமா பேரு இருக்குது. இங்கே யாரு நெனச்சுக்கிட்டு இருக்கா?" என்றாள்.

அவள் சொன்னது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்படியே எழுதினேன்: வேண்டாம், இறைக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ஏன்? போன தடவை இறைத்துத்தானே சரியானது? ஆண்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

போனைச் சல்மாவிடம் நீட்டினேன். "இப்ப என்னா சொல்றே?"

வாங்கித் திரும்பவும் படித்தாள். பிறகு மெதுவாக, "தண்ணி அவங்களோடது" என்றாள்.

அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு நானே ஆங்கிலத்தில் எழுதினேன். சல்மா திருத்துகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அன்று இறைத்தது தவறு. அதனால்தான் அத்தனை வருடம் ஆனது. இறைக்காமல் விட்டிருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்கும். கிணற்றைச் சரிசெய்தது மழை, என் அண்ணன் இல்லை. இறைக்கச் சொன்னவள் நான். அண்ணன் நடுவிலேயே சந்தேகப்பட்டார், நான்தான் இன்னும் இறைக்கச் சொன்னேன். இது தவறு என்று எனக்குத் தெரிந்து வெகு காலம் ஆகிறது, உங்களுக்குச் சொல்லவில்லை. புத்தகத்தின் படத்தையும் எடுத்து அனுப்பினேன். பழி என்மேல் வரும்படிதான் எழுதினேன் நானா. ஆனாலும் பம்பைப் பிடித்திருந்த கை உங்களுடையது. அதை மறைக்க எந்தச் சொல்லும் அகராதியில் இல்லை.

வியாழன் பதில் இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, எதுவும் வரவில்லை. சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ரூத்தின் செய்தி வந்தது.

சனிக்கிழமை பம்பு வந்து இறங்கியதாம். ஆண்களுக்குள் பெரிய வாக்குவாதம். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதிவிட்டாள் என்பதற்காகவா என்று கேட்டிருக்கிறார்கள். எஸ்தர் எழுந்துபோய்க் கிணற்று விளிம்பில் உட்கார்ந்துகொண்டாராம். கிணறு என் தாயினுடையது, காட்டுக்குக் கையெழுத்துப் போட்டதுபோல இதற்கும் போட விடமாட்டேன் என்றாராம். மற்றப் பெண்களும் போய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஞாயிறு ஆராதனையைக்கூட அங்கேயே நடத்தினார்கள். பம்பு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

கடைசியில் அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னது என்று ரூத் ஒரு வரி போட்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் போதும், தண்ணீர் தானே வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் என் அக்கா போயிருக்கமாட்டாள்.

வேறு கோபம் எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. அந்த ஒரு வரிதான். அதற்குமேல் என்ன வேண்டும்? அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அந்தச் சரிவிலேயே இருக்கிறார், முதுமையால் படகேற முடியாது, இனித் திரும்ப மாட்டார் என்றாள். பெயர் கேட்டேன். லேயா என்றாள்.

இங்கே நானும் கிழவியாகிக்கொண்டு வருகிறேன் நானா. படியேறினால் மூட்டு வலிக்கிறது. தெருவில் பாதி வீடுகளில் பிள்ளைகள் இல்லை, எங்கெங்கோ போய்விட்டார்கள். இங்கேயும் அரசாங்கப் பக்கமா எதிர்ப் பக்கமா என்று பார்த்துத்தான் கதவு திறக்கிறது. ஆகவே எஸ்தர் ஊருக்குத் தொட்டி வராததை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோபப்படவும் தெம்பு இல்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத, நீங்கள் இருந்திருந்தால் முதலில் என்னைத் திட்டியிருப்பீர்கள், பிறகு நீங்களே அவர்களுக்கு எழுதச் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி நான் நினைத்துக்கொள்வதும் எனக்குச் சௌகரியமாக இருப்பதால்தானோ, தெரியவில்லை. மறுமையில் அந்தக் கிணற்றைக் காட்டுவேன் என்றீர்களே. காட்டுங்கள். ஆனால் அதை இறைக்கச் சொன்னவள் இன்னும் வந்து சேரவில்லை, அவளிடமும் கேளுங்கள் என்று சொல்லிவையுங்கள்.

இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்கு அடுத்து லேயாவின் பெயரைச் சொல்கிறேன். முன்பின் பார்க்காதவர், நம் மார்க்கம் இல்லை, என்றாலும் அந்தப் பெயரைச் சொல்லாமல் வேண்டுதலை முடித்துக் கையை முகத்தில் தடவ முடியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ரூத்துக்கு ஒரே கேள்வியை அனுப்புகிறேன்: மழை பெய்ததா?

இன்றும் அனுப்பினேன். தூறல் போட்டது, வெளியே வைத்த பாத்திரத்தின் அடிகூட நனையவில்லை என்றாள்.